கை படாத மொத மடக்கு

தூக்காதீங்க தம்பி. அது மேசையிலயே இருக்கட்டும். இன்னும் கொஞ்சம் ஊத்துங்க. விளிம்பு வரைக்கும். ஆங், இன்னொரு சொட்டு. மேல உப்பிக்கினு நிக்கணும், ஆனா சிந்தக் கூடாது. பக்கத்துல அந்த பீர வெச்சிடுங்க. உங்க கை நல்லா நிக்குது.

சிரிக்கிறீங்க. வேலைக்குப் புதுசு போலக்கீது. இந்த பார்ல எல்லாரும் சிரிப்பானுங்க. கையக் கட்டிக்கினு, கன்னுக்குட்டி கழனித்தண்ணி குடிக்கிற மாதிரி குனியறான் பாரு, டச்சுக்காரன் வந்துட்டான்னு. இங்க அதான் என் பேரு. ஊட்டுல வெச்ச பேரு குப்புராஜ்.

இல்ல, நானா கண்டுபிடிக்கல. எங்க கம்பெனிக்கு ஹாலந்துலேர்ந்து பிஸ்கட் பேக் பண்ற மிஷினு வந்துச்சு. அத மாட்டறதுக்கு வில்லெம்னு ஒரு ஆளு கூடவே வந்தான். பனமரம் கணக்கா ஒசரம். மிஷினு ஓடுன அன்னிக்கு எங்கள கெஸ்ட் ஹவுசுக்குக் கூப்ட்டான். அவன் ஊரு சரக்கு, ஜெனீவராம், ஜின்னு மாதிரி இருந்துச்சு. சின்ன கிளாசுல தளும்ப ஊத்தி வெச்சான். எங்கூட வேல செய்ற லோகு ஆசையா கைய நீட்னான். பட்டுனு கை மேல ஒரு அடி. மொத மடக்குல கை படக் கூடாதாம். கைய முதுவுக்குப் பின்னாடி கட்டிக்கினு, குனிஞ்சு, ஒதட்டால உறிஞ்சணும். அப்புறம்தான் கிளாசத் தூக்கலாம், பீரத் தொடலாம். அவங்க பாஷையில தலைமுட்டுன்னு அர்த்தமாம் அதுக்கு. அம்மாம் பெரிய ஆளு, கிளாசுக்கு முன்னாடி சாமி கும்புட்றவன் மாதிரி வளையறான். லோகு சொல்றான், இவன் ஊர்ல சரக்குக்கே மரியாத ஜாஸ்திப்பான்னு. அப்ப எனக்கு அது வெளையாட்டு.

இப்பவா? இப்பவும் வெளையாட்டுதான், வுடுங்க.

ஆமா, மேசை ஆடுது. காலு சரியில்ல போலக்கீது.

நாஷ்டா இன்னும் பண்ணல. நைட் ஷிப்ட் முடிச்சுட்டு இந்த பார எப்ப தெறப்பீங்கன்னு வெளியவே குந்திக்கினு இருந்தேன். சாயங்காலம் திருநின்றவூர் போவணும். எம்பொண்ணு மோனிகா ஊட்டுல பேர் வெக்கிறாங்க. பேத்திக்கு. நான் இன்னும் பாக்கல தம்பி. தல பிரசவத்துக்கு எல்லாப் பொண்ணும் அம்மா ஊட்டுக்கு வரும். இங்க அம்மாக்காரி பொட்டியத் தூக்கிக்கினு அங்க போய்ட்டா. கேட்டா, நீ வுட்ற மூச்சுலயே கொழந்தைக்குப் போத ஏறிடும்ங்கறா.

சம்பந்தி காலமாய்ட்டாரு. தாத்தான்னு நான் ஒருத்தன்தான். மடியில வாங்கி, காதுல மூணு தரம் பேரு சொல்லணும். நேத்து மோனிகா போன்ல சொன்னா, வாப்பா, ஆனா குடிச்சிருந்தா கொழந்தையக் கையில குடுக்க மாட்டேன்னு. ஞாயம்தான. அதான் நேத்துலேர்ந்து தொடல. இப்பவும் பாருங்க, ஊத்தி வெச்சுக்கினு பேசிக்கினுதான கீறேன்.

மேசையப் புடிச்சுப் பாக்காதீங்க தம்பி. காலு நல்லாத்தான் இருக்கு. நான் கைய மேல வெச்சுக்கினு இருக்கேன்ல, அதான் ஆடுது. சரக்கு உள்ள போனா நின்னுடும். போற வரைக்கும் ஒரு டீ கிளாசுகூட தூக்க வராது. அதுக்குத்தான் டச்சுக்காரன் ஸ்டைலு, வில்லெம் சொல்லிக் குடுத்ததுன்னு ஊர ஏமாத்திக்கினு கீறேன். குடிச்சுட்டுப் போனா அவ குடுக்க மாட்டா. குடிக்காமப் போனா என்னால வாங்க முடியாது.

ஒரு வழி யோசிச்சேன். கொழந்த அவ மடியிலயே இருக்கட்டும். நான் கையப் பின்னாடி கட்டிக்கினு, குனிஞ்சு காதுல சொல்லிட்றேன். ஏம்பா வாங்க மாட்டேன்றன்னு கேட்டா, ஹாலந்துல இப்டித்தாம்மான்னு சொல்லிக்கலாம்.

தன்விகான்னு பேரு. இன்னா பேரோ, வாயிலயே நுழையல. இருங்க, இந்தக் கிளாசையே கொழந்த காதா நெனச்சு சொல்லிப் பாத்துக்கறேன். குடிக்கல, சும்மா குனியத்தான் போறேன். சிந்துதான்னு நீங்க பாருங்க.

தன்விகா.

தன்விகா.

மூணாவது தரம் சொல்லல தம்பி. ஒதட்டுல பட்டுடுச்சு.