ஊட்டி டூருக்காகத் திட்டு

இன்று காலை மயிலாப்பூரில் பேருந்து ஏறி உட்கார்ந்ததும் முன் இருக்கையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

“அம்மா, என்னைத் திட்டேன். டெஸ்டுக்கு வேணும்.”

பதினோராம் வகுப்புச் சீருடையில் ஒரு பெண். பக்கத்தில் அவள் தாய், மடியில் மகளின் சாப்பாட்டுப் பையுடன்.

“இன்னாடி உளர்ற?”

“உவமை, உருவகம் மாதிரி அணிக்கெல்லாம் புக்ல இருக்குற எக்ஸாம்பிள் எழுதக் கூடாதுன்னு இங்கிலீஷ் மிஸ் சொல்லிட்டாங்கம்மா. சொந்தமா எழுதணும். இதுலயும் ஃபெயிலானா ஊட்டி டூர் கட்.”

“ராத்திரி எரும மாதிரி தூங்கினு, இப்ப வந்து கேக்குறியா?”

“‘மாதிரி’ வந்துச்சு, சிமிலி.” எழுதிக்கொண்டாள்.

“எருமைக்கு டூர் ஒண்ணுதான் கொறச்சல்!”

“‘மாதிரி’ இல்லாம நேராவே எரும. மெட்டஃபர்.”

“படி படின்னு கோடி தடவ சொன்னேனே!”

“கோடின்னு ஏத்திச் சொன்னா ஹைபர்போலி. சூப்பர்மா.”

“ரொம்ப அறிவாளியத்தான் பெத்து வெச்சிக்கிறேன்.”

“புகழ்ற மாதிரி குத்துற, அது ஐரனி! பெர்சானிஃபிகேஷன் மட்டும்தான் பாக்கி. உயிரில்லாத பொருளு மனுஷன் மாதிரி எதுனா செய்யணும்.”

தாய் யோசித்தார். அதற்குள் அடையாறு வந்துவிட்டது. பெண் வாடிய முகத்துடன் இறங்கினாள். பேருந்து நகரத் தொடங்கியபோதுதான் தாய் தன் மடியைப் பார்த்தார். ஜன்னலில் தலையை நீட்டினார்.

“ஏய், சோத்த வுட்டுட்டுப் போறியே! சாயந்தரம் வூட்டுக்கு வா, தொடப்பக்கட்ட உனக்காக வாசல்லயே காத்துக்கினு கீது!”

பெண் துள்ளிக் குதித்தாள்.

“கெடச்சிருச்சும்மா!”

சாப்பாட்டுப் பையைத் திரும்பியும் பார்க்காமல் பள்ளியை நோக்கி ஓடினாள்.