கண்மாய் வளைவில் ஓட்டியது நான் அல்ல

ஹாஜரா, பெண், வயது 38, கணவர் பெயர் ஹபீப் ரகுமான், பள்ளிவாசல் பின்தெரு, இராஜபாளையம், விருதுநகர் மாவட்டம் என்பவர் 18.08.2025 திங்கட்கிழமை காலை 11.00 மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் காவல் நிலையத்துக்குத் தாமாக வந்து கொடுத்த வாக்குமூலம்.

நான் மேற்கண்ட முகவரியில் என் கணவருடனும் மகள் நௌஷீனுடனும் குடியிருந்து வருகிறேன். இரண்டு வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து என் இடது கால் சூம்பிவிட்டது. பேண்டேஜ் துணியைக் கம்பெனியிலிருந்து வாங்கி வந்து, வீட்டில் வைத்து வெட்டி, மடித்து, பாக்கெட் போட்டு இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் உள்ள மருந்துக் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது என் தொழில். என் கணவர் தனியார் மினி பஸ்ஸில் டிரைவராக இருக்கிறார். சென்ற 13ஆம் தேதி புதன்கிழமை நடந்த விபத்து சம்பந்தமாக இதே நிலையத்தில் அன்றே நான் ஒரு வாக்குமூலம் கொடுத்துக் கையெழுத்தும் போட்டேன். அதில் முக்கியமான ஒரு விஷயம் பொய். கண்மாய்க்கரை வளைவில் என் மூன்று சக்கர ஸ்கூட்டரை ஓட்டியது நான் அல்ல, என் கணவர். அதைத் திருத்திச் சொல்வதற்காக யாரும் கூப்பிடாமல் நானே இன்று வந்திருக்கிறேன்.

நான் வண்டி பழகிய விதத்தை முதலில் எழுதிக்கொள்ள வேண்டும் என்று சார்பு ஆய்வாளர் அவர்களிடம் கேட்டேன். அது வழக்குக்குத் தேவையில்லை என்று சொன்னார். தேவை இருக்கிறது என்று சொன்னேன். அதன் பிறகு எழுதிக்கொண்டார்.

இந்த வண்டி இரண்டு வருடங்களுக்கு முன்பு மாற்றுத்திறனாளிகளுக்கான திட்டத்தில் எனக்குக் கிடைத்தது. பின்னால் ஒரு சக்கரத்துக்குப் பதிலாக இரண்டு சக்கரம் இருப்பதால் விழவே விழாது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். மூன்றாம் நாள் எங்கள் தெரு முக்கில் வேகமாகத் திரும்பியபோது உள்பக்கச் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பி வண்டி அப்படியே கவிழ்ந்தது. துணிக்கட்டுகளின் மேல் விழுந்ததால் எனக்குக் காயமில்லை, மானம்தான் போனது. அதன் பிறகு பத்து நாள் வண்டியைத் தொடவில்லை. என்னோடு சேர்ந்து அதே நாளில் வண்டி வாங்கியவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் இருளப்பசாமி. அவரும் இரண்டு முறை கவிழ்ந்தவர். ஒரு நாள் போனில் பேசும்போது அவர், “அக்கா, இது பைக் இல்ல. பைக்கச் சாச்சா வளையும். இது சாயாது. ஹேண்டிலத்தான் திருப்பணும், நம்ம ஒடம்பத்தான் உள்பக்கம் சாய்க்கணும். பிரேக்க வளைவுக்கு முன்னாலயே பிடிச்சு முடிச்சிரணும், உள்ள போன பொறவு தொடக் கூடாது” என்று சொன்னார்.

அதன் பிறகு தினமும் விடியற்காலை சுபுஹு தொழுகை முடிந்ததும் பஞ்சு மார்க்கெட் பக்கத்தில் உள்ள காலி மைதானத்துக்குப் போய், நான்கு துணிக்கட்டுகளை இடம்விட்டு வைத்து அவற்றைச் சுற்றிச் சுற்றி ஓட்டிப் பழகினேன். முதலில் நடக்கும் வேகத்தில் ஓட்டினேன். அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். சக்கரம் கிளம்பப் போவது முதலில் இடுப்புக்குத்தான் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. அது பிடிபட ஒரு மாதம் ஆனது. இராஜபாளையத்திலிருந்து வரும்போது ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் நுழையும் முன்னால் கண்மாய்க்கரையில் வலதுபக்கம் திரும்பும் பெரிய வளைவு ஒன்று இருக்கிறது. அங்கே சாலையின் இடது ஓரத்தில் சோழபுரத்துக்காரரான சமுத்திரம் என்பவர் இளநீர் வண்டி போட்டிருக்கிறார். ஆரம்பத்தில் நான் வருவதைத் தூரத்தில் கண்டாலே அவர் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு புளிய மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். எனக்குக் கோபமாக வரும். ஆனால் தப்பும் சொல்ல முடியாது. பிறகு ஒரு நாள் அவர் எழுந்திருக்காமல் இளநீர் சீவிக்கொண்டே இருந்தார். அன்று நான் அந்த வளைவை முப்பதில் எடுத்தேன். நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லை. கடையில் போய் இறங்கிய பிறகுதான், வளைவைத் தாண்டி வந்ததே நினைவுக்கு வந்தது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட இருந்ததாக ஞாபகம் இல்லை.

என் கணவருக்கு வார விடுமுறை புதன்கிழமை. அன்று மட்டும் கட்டுகளை இறக்கிக் கொடுப்பதற்கு என்னோடு வருவார். பின்னால்தான் உட்காருவார். ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டை நெருங்கும்போது வண்டியை நிறுத்தச் சொல்லி, என்னைப் பின்னால் உட்காரவைத்து அவர் ஓட்டுவார். மனைவி ஓட்ட, டிரைவரான அவர் பின்னால் உட்கார்ந்து வருவதைச் சக டிரைவர்கள் பார்த்தால் கேலி செய்வார்கள் என்பது அவர் சொல்லும் காரணம். பஸ் ஸ்டாண்டு தாண்டியதும் மறுபடி மாறிக்கொள்வோம். அந்தத் தூரம் முழுவதும் நேர்ச்சாலை என்பதால் இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லை. அதைத் தவிர அவர் இந்த வண்டியை எங்கேயும் ஓட்டியது கிடையாது.

13ஆம் தேதி காலை 10.15 மணியளவில் கண்மாய்க்கரைக்கு முன்னால் வந்துகொண்டிருந்தோம். அப்போது தூரத்தில் பின்னால் ஒரு மினி பஸ் ஹாரன் சத்தம் கேட்டது. சத்தத்தை வைத்தே அது தன்னோடு வேலை பார்க்கும் கருத்தப்பாண்டி ஓட்டும் வண்டி என்று என் கணவர் கண்டுபிடித்துவிட்டார். “ஏட்டி, நிறுத்து நிறுத்து, கருத்தப்பாண்டி வாரான். எறங்கு, நான் ஓட்டுதேன்” என்றார். “வளைவு தாண்டி மாறிக்கிடுவோங்க” என்று நான் சொன்னேன். “இருவது வருசமா பஸ் ஓட்டுதேன், இது என்ன பெரிய வளைவு” என்றார். நான் வண்டியை நிறுத்திக் கொடுத்தேன். கொடுத்தது என் தப்பு.

அவர் வளைவுக்குள் நாற்பதில் போனார். பைக்கைச் சாய்ப்பதுபோல வண்டியைச் சாய்க்கப் பார்த்தார். வண்டி சாயவில்லை, வளையவும் இல்லை. நான் பின்னால் இருந்தபடி உடம்பை வலதுபக்கம் போட்டு, “ஹேண்டிலத் திருப்புங்க” என்று கத்தினேன். அவர் திருப்பாமல் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தார். வலது சக்கரம் கிளம்பியது. வண்டி நேராகப் போய் இளநீர் வண்டியில் மோதியது. சமுத்திரம் கீழே விழுந்தார். இளநீர்க் காய்கள் உருண்டு சாலையை அடைத்துக்கொண்டன. எங்கள் இருவருக்கும் சிராய்ப்பு மட்டும்.

அதன் பிறகு கூட்டம் கூடியது. என் கணவர் மீது ஏற்கெனவே ஒரு புகார் இருக்கிறது. இன்னொரு கேஸ் வந்தால் வேலைக்கு வர வேண்டாம் என்று மினி பஸ் முதலாளி சொல்லியிருந்தார். எனக்கு அந்த நேரத்தில் அது மட்டும்தான் தோன்றியது. யாரும் கேட்பதற்கு முன்பே, “நான்தான் ஓட்டுனேன்” என்று சொல்லிவிட்டேன். உண்மைதானா என்று ஒருவர்கூடத் திருப்பிக் கேட்கவில்லை. ஒருவர் என் காலைப் பார்த்துவிட்டு, “இவுகளுக்கெல்லாம் எதுக்கு வண்டி” என்றார். கருத்தப்பாண்டிதான் தன் பஸ்ஸை நிறுத்தி சமுத்திரத்தை ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். என் கணவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இளநீர் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

அன்று மாலை நிலையத்தில், வளைவில் திருப்பத் தெரியவில்லையா என்று என்னிடம் கேட்டார்கள். நான் தலையாட்டினேன். எழுதியவர் மீது குறை இல்லை. 15ஆம் தேதி அந்த வாக்குமூலத்தின் நகல் கைக்கு வந்தது. அதில் ‘ஓட்டிவந்த நான் மாற்றுத்திறனாளி என்பதாலும், வளைவில் வண்டியைத் திருப்பும் திறன் இல்லாததாலும் விபத்து ஏற்பட்டது’ என்று இருந்தது. என் உரிமத்தை ரத்து செய்யச் சொல்லி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு எழுதப் போகிறார்கள் என்பதும் தெரிந்தது. உரிமம் போனால் வண்டி இல்லை. வண்டி இல்லையென்றால் பழையபடி இரண்டு துணிக்கட்டுகளையும் ஊன்றுகோலையும் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். ஆனால் உண்மையைச் சொல்வதென்றால், எனக்கு முதலில் வலித்தது அது இல்லை. திறன் இல்லாததால் என்ற அந்த வார்த்தைதான். ஒரு மாதம் விடியற்காலையில் துணிக்கட்டுகளைச் சுற்றி ஓட்டிப் பழகியவளுக்கு இப்படி ஒரு பேரா என்று இருந்தது. நான் நகலைக் காட்டியபோது என் கணவர், “கொஞ்ச நாளைக்குப் பொறுத்துக்கோ ஹாஜரா, எழுத்துதான” என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். நான் அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

(வாக்குமூலம் கொடுப்பவர் இந்த இடத்தில் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.)

நேற்று ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து ஆஸ்பத்திரியில் சமுத்திரத்தைப் பார்த்தேன். உயிருக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று நான்கு நாளாகச் சோறு இறங்கவில்லை. அவர் எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தோள்பட்டை எலும்பில் விரிசல், ஆறு வாரத்தில் கூடிவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். அவரைக் கண்டதும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். அதன் பிறகு, “அண்ணாச்சி, என்னைய மன்னிச்சிருங்க, வளைவுல வண்டி எனக்கு அடங்கல” என்று சொன்னேன். அவர் இட்லியைக் கீழே வைத்துவிட்டு, “யாருகிட்ட தாயி கத விடுத? ரெண்டு வருசமா ஒம் வண்டிய தெனமும் பாக்கேன். நீ வளையுறப்ப எங் கடையில ஒரு தேங்கா மட்டகூட அசஞ்சது கெடையாது. அன்னைக்கு வண்டி நேரா வரும்போதே தெரிஞ்சுபோச்சு, இது ஒன் கை இல்லன்னு” என்று சொன்னார். போலீஸ் வந்து கேட்டால் பார்த்ததைத்தான் சொல்வேன் என்றும் சொன்னார். நான் அந்த வார்டில் எல்லோர் முன்னாலும் அழுதேன். துக்கத்தால் அழவில்லை. நான் வளைவதைக் கவனித்த ஒரு ஆள் இருக்கிறார் என்பதற்காக அழுதேன்.

அதன் பிறகு வீட்டுக்கு வந்து, சமுத்திரம் சொன்னதை என் கணவரிடம் அப்படியே சொன்னேன். நாளைக்கு நான் போய் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றும் சொன்னேன். அவர், “நானும் வாரேன். அன்னைக்கே நான்தான் சொல்லியிருக்கணும். இந்த நாலு நாளா பஸ்ஸ ஓட்டும்போது ஒவ்வொரு வளைவுலயும் ஒன் சத்தந்தான் கேக்கு” என்றார். இன்று இங்கே கிளம்பும் முன்பு முதலாளிக்குத் தானே போன் செய்து நடந்ததைச் சொன்னார். கேஸ் முடியும் வரை ஓட்ட வேண்டாம், ஷெட்டில் வேலை பார் என்று முதலாளி சொன்னாராம். நாங்கள் பயந்ததற்கு அது எவ்வளவோ பரவாயில்லை. என் கணவர் இப்போது நிலையத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு அடுத்து வாக்குமூலம் கொடுப்பார்.

முன்பு பொய் சொன்னதற்கு என்ன நடவடிக்கை எடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். முந்தைய வாக்குமூலத்தில் எனக்கு வண்டியை வளைக்கும் திறன் இல்லை என்று உள்ள வரியை எடுத்துவிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். சார்பு ஆய்வாளர் கேட்டுக்கொண்டதன் பேரில், இங்கே நிறுத்திவைக்கப்பட்டிருந்த என் வண்டியை நிலைய வளாகத்தில் உள்ள வேப்பமரத்தைச் சுற்றி வலமாக மூன்று முறையும் இடமாக மூன்று முறையும் ஓட்டிக் காட்டினேன். சக்கரம் எதுவும் கிளம்பவில்லை. வண்டியைப் பரிசோதித்து முடித்துவிட்டதால் இன்றே எடுத்துப் போகலாம் என்று சொன்னார்கள்.

நான் சொன்னவை எழுதப்பட்டு எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. இந்த முறை ஒவ்வொரு வரியையும் கவனித்துக் கேட்டேன். எல்லாம் நடந்தது நடந்தபடி இருக்கிறது. வண்டியை நான்தான் ஓட்டிப் போகிறேன். பின்னால் உட்கார்ந்து வருவதாக என் கணவர் சொல்லியிருக்கிறார். பஸ் ஸ்டாண்டு வழியாகத்தான் போகிறோம், நடுவில் எங்கேயும் மாறிக்கொள்ள மாட்டோம்.

(ஒப்பம்) ஹ. ஹாஜரா

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது.
சார்பு ஆய்வாளர்