பத்தாவது தோட்டா

கிருஷ்ணப்பன்: அந்த ராயம்மா பத்துக்குப் பத்துடா மாது! எறிஞ்ச பத்து மண் தட்டும் ஆகாசத்துலயே தூள்! ஒண்ணாச்சும் முழுசா கீழ வந்துச்சா?

மாது: வரலீங்கண்ணா.

கிருஷ்ணப்பன்: இருவது வருசமா துப்பாக்கி புடிக்கிறன். இப்பிடி ஒரு சூடு... நீ பாத்திருக்கறயா?

மாது: நான் தோட்டா அடைக்கிறவன். சூட்டப் பத்தி எனக்கு என்னாங்க தெரியும்... தர்மபுரி பஸ்ஸு போயிருக்குமோ?

கிருஷ்ணப்பன்: இப்பத்தான கம்பைநல்லூர் ஸ்டாண்டுக்கே வந்தோம். வரும், உக்காரு. அந்தக் குடத்தக் கீழ வை. கைப்புள்ளயாட்டம் மடியில வச்சுக்கிட்டு...

மாது: ரெண்டாவது பரிசுங்க. எவர்சில்வரு. நசுங்கிடப் போவுது.

கிருஷ்ணப்பன்: நசுங்குனா தட்டி எடு. ஏனம் தட்டறதுதான உன் தொழிலே! ஏன்டா, அந்த ராயம்மா பேரு குடுக்க வந்தப்ப எல்லாவனும் சிரிச்சானுங்களே, கவனிச்சியா?

மாது: நீங்களுந்தான் சிரிச்சீங்க.

கிருஷ்ணப்பன்: நானா?... சிரிச்சன். பின்ன? பொம்பளயில ஒருத்தரும் வராத போட்டிக்கு, துப்பாக்கிய உரச்சாக்குல சுத்தி இடுப்புல இடுக்கிக்கிட்டு வந்து நின்னா? பேரு எழுதறவன் "வூட்டுக்காரரு வரலயாம்மா"ன்னு கேட்டான். அதுக்கு என்னா சொல்லுச்சு?

மாது: "அவரு செத்துட்டாருங்க. பன்னி இன்னும் வருது"ன்னுச்சு.

கிருஷ்ணப்பன்: அதான்! வத்தல்மலை அடிவாரத்துல கல்லக்கா காடாம், நெலக்கடல போட்டிருக்குதாம். புருசன் லைசென்ஸத் தன் பேருக்கு மாத்தி, ஆறு வருசமா பன்னி வெரட்டுன கை. தோட்டாவும் அந்தம்மாவே அடைச்சதாம்.

மாது: பாத்தங்க. பித்தளைய புளி போட்டுத் தேச்சு... தங்கமாட்டம் மின்னுது. அடியில வெடிக்கற கேப்பு ஒவ்வொண்ணும் ஒரே மட்டத்துல. ஈய ரவைக்கு மேல அட்டைய வச்சு, வாயில மெழுகு வுட்டிருக்குது, ஒரு சொட்டு வழியல. எனக்கு அப்பிடி மூட வராதுங்க.

கிருஷ்ணப்பன்: நீயே சொல்றியா! பாலக்கோட்டுல உன்ன அடிச்சுக்க...

மாது: அந்தம்மாகிட்ட நிக்க முடியாதுங்கண்ணா.

கிருஷ்ணப்பன்: சூடு மட்டும் என்னவாம்! எந்திரத்துலருந்து தட்டு கிளம்புனதும் நாமெல்லாம் பதறி வெடிப்போம். அந்தம்மா நெத்தியில சிலுவ போட்டுட்டுச் சும்மா நிக்குது. தட்டு மேல போவுது... இன்னும் போவுது... உச்சியில போயி ஒரு நொடி நிக்கும் பாரு, அப்ப... டமார்! கருமருந்துப் பொகை ஆள மூடிருது. உள்ளருந்து "அடுத்ததுங்க"ன்னு கொரல் மட்டும் வருது. எனக்கு ஒடம்பெல்லாம் சிலுத்துப் போச்சுடா.

மாது: ஒம்பது தடவ அப்பிடித்தான்.

கிருஷ்ணப்பன்: பத்துத் தடவ.

மாது: இல்லீங்க. ஒம்பது.

கிருஷ்ணப்பன்: பத்துத் தட்டும் ஒடஞ்சுதேடா!

மாது: ஒடஞ்சுது. ஆனா பத்தாவது உச்சிக்குப் போவல. எந்திரத்த வுட்டு ஒரு ஆள் ஒசரம் எழும்பறதுக்குள்ள சுட்டுருச்சு. சத்தமும் டமார்னு வரல.

கிருஷ்ணப்பன்: ...ஆமா. பொசுக்குன்னு...

மாது: நீங்களும் கவனிச்சீங்களா?

கிருஷ்ணப்பன்: அது நம்ம தோட்டா ஆச்சே... அந்தம்மாவோட பத்தாவது தோட்டா வாய் வெடிச்சுப் போயி, துப்பாக்கிக்குள்ள ஏறல. நான்தான பெரிய மனசு பண்ணி, "மாது, நம்ம பொட்டியிலருந்து ஒண்ணு குடு"ன்னன். நான் பத்துக்கு ஒம்பது. அந்தம்மாவும் ஒம்பதுல நிக்குது. அது ஒண்ணு தவறுனா சமம், மறுபடி போட்டி. வேற எவனாச்சும் குடுத்திருப்பானா?

மாது: நான் பொட்டியிலருந்து குடுக்கலீங்க. சட்டை ஜோப்புலருந்து குடுத்தன்.

கிருஷ்ணப்பன்: எல்லாம் நீ அடைச்சதுதான...

மாது: பாதி மருந்துங்க அது. காலையில துப்பாக்கிக் குழாய் சூடாவட்டும்னு சும்மா ஒண்ணு சுடறதுக்காவ அடைச்சன். நீங்க வேணாம்னுட்டீங்க. மருந்து கொறஞ்ச எடத்துல அட்டைய அடுக்கி மூடியிருந்தன். வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது. ரவை பாதி தூரங்கூடப் போவாது.

கிருஷ்ணப்பன்: மாது!

மாது: தெரிஞ்சேதான் குடுத்தன்.

கிருஷ்ணப்பன்: அடப்பாவி... ஏன்டா?

மாது: மூணு வருசமா அந்த மொதப் பரிசுக் கப்புக்கு அலையறீங்களே. "1985"ன்னு வெட்டி, கீழ பேருக்கு எடம் வுட்டு வச்சிருந்தானுங்க. அதப் பாத்ததும்... புத்தி கெட்டுப் போச்சுங்கண்ணா.

கிருஷ்ணப்பன்: நான் கேட்டனா? வெளிய தெரிஞ்சா என் மூஞ்சிய எங்க கொண்டு வப்பன்?

மாது: அந்தம்மாவுக்குத் தெரிஞ்சு போச்சுங்களே! இந்தக் கையில வாய் வெடிச்ச தோட்டா, அந்தக் கையில நான் குடுத்த தோட்டா. தராசாட்டம் ஏந்திப் பாத்துச்சு. அட்டை ஏத்துனதால ஒரு சிட்டிகை எடைகூடக் கொறயாதுங்க. மருந்து அடைக்கிற என் கைக்கே புரியாது. அந்தக் கைக்குப் புரிஞ்சுது. ஒம்பது தட்ட உச்சியில ஒடச்சது, இத மட்டும் ரவை எட்டற எடத்துலயே புடிச்சு ஒடைக்குதே... அது மனுசக் கையாங்க?

கிருஷ்ணப்பன்: வேற குடுன்னு கேட்டிருக்கலாம்...

மாது: கேக்கல. சத்தமும் போடல. சுட்டு முடிச்சு, காலித் தோட்டாவ ரெண்டு கையாலயும் நீட்டுச்சு. "நல்ல பித்தளைங்கண்ணா, பத்திரமா வச்சுக்கங்க"ன்னுச்சு. கொரல்ல துளி கோவமில்ல. வைதிருந்தாத் தேவலாம். இனி என்னால பஸ் ஏற முடியாது. அந்தம்மா இன்னும் தெடல்லதான் இருக்கும். போயி மன்னிப்புக் கேக்கறன்.

கிருஷ்ணப்பன்: இருடா...

மாது: உங்க பேர இழுக்க மாட்டங்க. எங்கண்ணனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு மாதா மேல சத்தியமாச் சொல்றன். அப்பிடிச் சொன்னாத்தான் அந்தம்மா நம்பும்.

கிருஷ்ணப்பன்: அத மட்டும் சொல்லாத.

மாது: ஏனுங்க? நெசந்தான?

கிருஷ்ணப்பன்: ...பஸ்ஸு வருது பாரு.

மாது: அது அரூர் போறது. ஏனுங்கண்ணா?

கிருஷ்ணப்பன்: அந்தக் குடத்த எடு. ரெண்டு பேரும் போலாம்.

மாது: தப்பு பண்ணுனது நானு. நீங்க எதுக்குங்க வர்றீங்க?

கிருஷ்ணப்பன்: உன் கை பொட்டிய வுட்டு ஜோப்புக்குப் போனத நான் பாத்தன் மாது. அதுல எந்தத் தோட்டா இருக்குதுன்னும் எனக்குத் தெரியும். ரெண்டு கையிலயும் ஏந்திப் பாத்துட்டு, அந்தம்மா உன்னப் பாக்கல, என்னத்தான் பாத்துச்சு. "சுடலாங்களா"ன்னு கேட்டுச்சு... நான் "நல்ல தோட்டாதாம்மா, சுடு"ன்னன்.