ஒரே ஒரு கெட்ட நாள்

கோழி வளர்ப்பில் முக்கியம் தீவனம் இல்லை ஐயா, நடை. அடிப்பாகம் இல்லாத கூண்டைத் தினமும் காலையில் ஒரு கூண்டு நீளம் முன்னால் இழுக்க வேண்டும். உள்ளே இருக்கும் கோழிகள் கூடவே நடந்து புதுப் புல்லுக்கு வந்துவிடும். நேற்றைய எச்சம் மண்ணுக்கு உரம், இன்றைய புல் கோழிக்குத் தீனி. எழுதிக்கொள்ளுங்கள், நீங்கள் ஓய்வு பெற்ற பிறகு உதவும்.

பண்ணை எனக்கும் என் மனைவியின் அண்ணனுக்கும் பொது. கூண்டு இழுப்பது மச்சான் வேலை. பேசி விற்பது என் வேலை. ஞாயிற்றுக்கிழமை வாடிக்கையாளர்கள் குடும்பத்தோடு வருவார்கள். "எங்க கோழிக்கு வாழ்க்கையில ஒரே ஒரு கெட்ட நாள்தாங்க" என்பேன். கண் கலங்கிப்போய், ஒன்று வாங்க வந்தவர்கள் மூன்று வாங்கிப் போவார்கள். நல்ல மனசுக்காரர்கள்.

போன வாரம் மச்சான் வெளியூர் போனார். கூண்டு என் தலையில் விழுந்தது. முதல் நாள் இழுத்தேன், இடுப்பு பிடித்துக்கொண்டது. அப்புறம் மழை. நான்கு நாள் கூண்டு ஒரே இடத்தில் நின்றது. தன் எச்சத்திலேயே உட்கார்ந்து, கழிச்சல் கண்டு, இருநூறும் போய்ச் சேர்ந்தன. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருக்கலாம். நான் யாரையும் குறை சொல்கிறவன் இல்லை.

குழி வெட்டிப் புதைத்தேன். பெரிய கொட்டகைப் பண்ணை ஒன்றிலிருந்து இருநூறு உயிர்க்கோழி கொண்டுவந்து கூண்டில் விட்டேன். விற்பனைக்கு, அவர்களே உரித்து உறை போட்ட கோழிகளை வாங்கி எங்கள் உறைபனி அறையில் அடுக்கினேன். ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டியதை மட்டும் உறை பிரித்து வாசலில் ஐஸ் பெட்டியில் வைத்தேன்; மற்றவற்றில் அந்தப் பண்ணையின் பெயர் போட்ட உறையை மாற்ற நேரமில்லை.

ஞாயிறு காலை மச்சான் வந்து கூண்டை இழுத்தார். ஒரு கோழியும் நடக்கவில்லை. வெயிலைப் பார்த்து மிரண்டு, ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துகொண்டன.

"மாப்ள, இதுங்களுக்குப் புல்லுன்னா என்னன்னே தெரியல. நம்ம கோழிங்க எங்க?"

சொன்னேன். சொந்தக்காரரிடம் மறைக்கக் கூடாது.

"வர்றவங்ககிட்ட இன்னிக்கே உண்மையச் சொல்லிடலாம். திட்டினா வாங்கிக்குவோம்" என்றவர், அந்த உறை ஒன்றை எடுத்துக் காட்டுவதற்காக உறைபனி அறைக்குள் போனார். பத்து வருடம் நான் சம்பாதித்த நல்ல பெயரைக் கையில் வைத்துக்கொண்டு, மெல்லிய சட்டையோடு மச்சான் உள்ளே நின்றார். கதவைச் சாத்தினேன். உள்பக்கக் கைப்பிடி உடைந்து இரண்டு வருடம் ஆகிறது. மாற்றச் சொல்லி மச்சானே நச்சரித்துக்கொண்டிருந்தார். அவர் பேச்சைக் கேட்டிருக்கலாம்.

திறக்கத்தான் இருந்தேன். அதற்குள் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் பேரப்பிள்ளைகளோடு வந்துவிட்டார். வந்தவரை அப்படியே விட்டுவிட்டுப் போவது மரியாதையா?

"டொக் டொக்குனு என்னமோ கேக்குதே?"

"பழைய மோட்டாரும்மா. கொஞ்ச நேரத்துல தானா நின்னுடும்."

நின்றுவிட்டது. நான் பொய் சொல்லவில்லை என்பதை வாக்குமூலத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பாவம், அந்த அம்மா கேட்டார், "சாகும்போது கஷ்டப்படாதே?" வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். ஐஸ் பெட்டியிலிருந்து மூன்று கோழி வாங்கினார். அவருக்குப் பின்னால் இன்னும் நான்கு குடும்பங்கள். எல்லோரும் கிளம்ப மாலையாகிவிட்டது.

வெளியே தூக்கிக் கிடத்தியபோது மச்சானின் விரல் மூட்டெல்லாம் தோல் உரிந்திருந்தது. எனக்கு வருத்தம்தான். ஆனால் நாற்பத்தாறு வருடம் காற்றும் வெயிலும் பட, இஷ்டப்படி நடந்து திரிந்த மனிதர். அடைத்து வளர்த்த உடம்பு இல்லை.

என் மனைவி அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அண்ணன் ரொம்பக் கஷ்டப்பட்டுச்சாங்க?"

அவள் தோளில் கை வைத்து ஆறுதலாகத்தான் சொன்னேன் ஐயா. "இல்லம்மா. ஒரே ஒரு கெட்ட நாள்தான்."