பெருநாள் டியூட்டி

கிட்ட வராதீங்க சேர், கதிரைய அங்கால இழுத்துப் போட்டு இருங்க. ஜன்னலையும் திறந்து விடுங்க, எனக்கு இருமல். ஓம், நான்தான் அடிச்சன். சேலைன் ஸ்டாண்டால. முதல் அடி வாயில, பல்லுத் தெறிச்சிது. விழுந்த பிறகும் அடிச்சன். நாலு பேர் புடிக்காட்டி ஓவசியர் தங்கராசா மிஞ்சியிருக்க மாட்டார். எழுதுங்க, மறைக்க ஒண்டுமில்ல.

மசூரா? என்னோட ஆஸ்பத்திரியில வேல செய்யிற அற்றன்டன், சாய்ந்தமருது ஊர் முஸ்லிம் ஆள். அவன்ல பிழையில்ல. எங்கட வாட்டு வழக்கம் அது. பெருநாளைக்கு அவங்கட டியூட்டிய நாங்க செய்வம், நத்தாருக்கு எங்கடய அவங்க செய்வாங்க. றோஸ்டர்ல பேர் மாத்துறதில்ல, அவன்ட பேருக்கு நேர நான் ஒப்பம் வெப்பன். மாத்தினா எனக்குக் கடிதம் எழுதுற வேல, விடுங்கடா எண்டதே எங்களுக்கு டியூட்டி போடுற இந்த ஓவசியர்தான்.

இந்தப் பெருநாளைக்கு மூணு டியூட்டி தொடந்து செஞ்சன். ஒரே மாஸ்க், அதுவும் நனைஞ்சு போச்சு. ஒரு கிழவன் ரெத்தமா இருமினார், நான்தான் தாங்கிப் புடிச்சன். முகமெல்லாம் தெறிச்சிது. நித்திரக் கலக்கத்தில கழுவினனா எண்டும் நினைவில்ல.

பத்து நாள் கழிச்சுச் சொன்னாங்க, அந்தக் கிழவனுக்குக் கசமாம், டீபி. கிட்ட நிண்டாக்கள றோஸ்டரப் பாத்துக் கூப்பிட்டாங்க. பெருநாளண்டு வீட்ட வட்டிலப்பம் திண்ட மசூருக்கு நெஞ்சில எக்ஸ்ரே படம் எடுத்தாங்க. என்னக் கூப்பிடல்ல. ஓவசியர்ட்ட மூணு தரம் போனன். உன்ட பேர் இல்லயே, பொய் ஒப்பம் வெளிய வந்தா ரெண்டு பேருக்கும் வேல போயிரும், வாயப் பொத்து எண்டார். மசூருக்கு நாலு புள்ள. பொத்தினன் சேர். அவர அடிச்சதுக்கு நான் கவலப்படல்ல, பொத்தினதுக்குத்தான்.

எனக்கு ஒண்டுதான், மேர்சியா, ரெண்டு வயசு. டியூட்டி முடிஞ்சு போனா என்ட நெஞ்சிலதான் படுப்பாள். இருமல் வந்தும் நான் இறக்கி விடல்ல. பிறகு அவளுக்குக் காய்ச்சல், வலிப்பு. கசம் மூளைக்கு ஏறிற்றாம்.

இண்டைக்குக் காலம ஓவசியர் புள்ளைகள்ட வாட்டுக்கு வந்து, என்ட தோள்ல கைய வெச்சுச் சொல்றார், றொமால்ட், உன்ட பேரையும் லிஸ்ட்ல போட்டுட்டன், நாளைக்குப் படம் எடுக்க வா எண்டு. மேர்சியாட கையில இருந்து அப்பதான் சேலைனக் கழட்டியிருந்தாங்க. ஸ்டாண்ட் பக்கத்திலயே நிண்டிச்சு.

தாங்க, ஒப்பம் வெக்கிறன். இது என்ட பேர்தான்.

ஒரு உதவி சேர். பின்னேரம் நாலு மணிக்கு இந்த விலங்கக் கொஞ்ச நேரம் கழட்டி விடுங்க. நான் போகாம மூட விடமாட்டன் எண்டு மனிசி நிக்கிறாளாம். பெட்டி சின்னது, ஒராள் தூக்கினாப் போதும்.