துண்டு கட்டிய அளத்தம்மன்

முதலில் ஒரு பிழையைத் திருத்திவிடுகிறேன். உலகம் இதைத் தெரிந்துகொள்ளாமல் இத்தனை நாள் எப்படி நடமாடியது என்பதே எனக்கு வியப்பு. வெள்ளைத்திட்டு அளத்தம்மன் தலையில் துண்டு கட்டியிருப்பது தலைவலியால் என்று வெளியூர்க்காரர்கள் சொல்கிறார்கள். தவறு. அம்மனுக்குக் கோபம் உண்டு, பசி உண்டு. தலைவலி உண்டென்று எந்தத் தல புராணத்திலும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன். அது மாடத்தியின் துண்டு. மாடத்தி எங்கள் பூட்டியைப் பெற்றவள். கேளுங்கள்.

உப்பு விளைந்து மனிதர் வற்றிய காலத்தில் வெள்ளைத்திட்டு என்று ஒரு ஊர் இருந்ததாம். ஊருக்குக் கிழக்கே உப்பளமாம். அங்கே வெயில் மேலே இருந்தும் அடிக்கும், உப்பில் பட்டுக் கீழே இருந்தும் அடிக்கும். குனிந்தால் முதுகு வேகும். நிமிர்ந்தால் முகம் வேகும். தாடைக்கு அடியில் வெயில் படுமா என்று கேட்பவன் உப்பளத்தைப் பார்க்காதவன்.

அளத்துக்காரர் பெயர் சாமியப்பர். உச்சிப்பொழுதில் வருவார். அவருக்குக் குடை பிடிக்க ஓர் ஆள். அவர் வரப்பில் கால் வைத்ததும் பெண்கள் எல்லோரும் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டவேண்டுமாம். அவர் போகும்வரை வெறுந்தலையோடுதான் உப்பு வாரவேண்டுமாம். அவரோ அவசரமாகப் போகிற ஆள் இல்லை. குடைக்குள் நின்று சாவகாசமாகப் பார்ப்பார். இதற்குப் பெயர் மரியாதை. நான் வைத்த பெயர் இல்லை.

இன்னொன்றும் செய்தாராம். மணல் மேட்டில் முருங்கை வரிசையாக நின்றது. பெண்கள் அந்த நிழலில் கஞ்சி குடிப்பார்கள், கீரையை உருவிக்கொண்டு போவார்கள். இலை பறந்து பாத்தியில் விழுகிறது, உப்பு அழுக்காகிறது என்று அத்தனையையும் வெட்டிப் போட்டார். நிழலும் போயிற்று, கீரையும் போயிற்று. வெறும் நொய்க்கஞ்சி குடித்த உடம்பில் உதடு வெடித்தது, கால் வெடித்தது, வெடித்தது ஆறவில்லை. உப்பு மட்டும் வெள்ளையாக இருந்ததாம்.

மாடத்திக்கு ஒரே மகள், வெள்ளச்சி. பிறக்கும்போதே முடி வெள்ளை, இமை வெள்ளை, தோல் பால் நிறம். வெயில் பட்டால் அந்தத் தோல் சிவக்கும், கொப்புளிக்கும், உரியும். ஆனால் வீட்டுக்கு இரண்டு ஆள் வேலைக்கு வராவிட்டால் அளத்துக் குடிசையைக் காலி செய்யவேண்டும். அதனால் வெள்ளச்சியும் வந்தாள், கண் மட்டும் தெரிய முக்காடு போட்டுக்கொண்டு.

ஒருநாள் சாமியப்பர் அவள் முன்னால் வந்து நின்றாராம்.

"ஏட்டி, துண்ட எடு."

மாடத்தி குறுக்கே வந்தாள். "ஐயா, இவ தோலு தாங்காது. மேலுக்குத் துணி வேணும், வயித்துக்குக் கீரை வேணும். ரெண்டையும் புடுங்கிட்டா பிள்ள என்னத்துக்கு ஆவா?"

"தோலு உரிஞ்சா புதுத்தோலு வளராதா? பாம்புக்கு வளரல?"

குடை பிடித்தவன் சிரித்தான். அவனுக்குச் சிரிப்பதும் வேலை.

"அப்ப அந்தக் குடையக் கொஞ்சம் மடக்குங்க ஐயா. உங்களுக்கும் புதுசா ஒண்ணு வளரட்டும்."

"நாளப்பின்ன இவ முக்காட்டோட நின்னா உனக்கும் வேலை இல்ல, குடிசையும் இல்ல" என்றார் சாமியப்பர். மாடத்தியே தன் கையால் மகளின் துண்டை அவிழ்த்தாளாம். அன்று மாலை வெள்ளச்சியின் மூக்கும் கன்னமும் வெந்த பனங்கிழங்குத் தோலாக உரிந்தன. மாடத்தி அழவில்லையாம். அளத்துப் பெண்களின் வீடுவீடாகப் போய் ஏதோ பேசினாளாம்.

பங்குனி வந்தது. அளத்தம்மன் சப்பரம் வரப்பில் இறங்கியது. அந்த ஊரில் ஒரு விதி. அம்மன் முன்னால் குலவை ஓயும்வரை எவர் தலையிலும் துணி கூடாது, எவர் தலைக்கும் குடை கூடாது, காலில் செருப்பு கூடாது. விதியை வகுத்தது சாமியப்பரின் பாட்டனார்தான். குலவை போடுவது அளத்துப் பெண்கள். மூன்று குலவை, அவ்வளவுதான் வழக்கம்.

மகளை வீட்டு நிழலில் இருக்கச் சொல்லிவிட்டு வந்த மாடத்தி முதல் குலவை போட்டாள். இரண்டு போட்டாள். மூன்று போட்டாள். மூச்சு முட்டியதும் பக்கத்தவள் எடுத்துக்கொண்டாள். அவள் விட்ட இடத்தில் அடுத்தவள். குலவை ஓயவில்லை. வெயில் மேலே இருந்தும் அடித்தது, கீழே இருந்தும் அடித்தது. சாமியப்பருக்கு வழுக்கைத் தலை. முதலில் பக்தியாக நின்றார். பிறகு ஒரு கால் மாற்றி ஒரு கால் நின்றார்.

"போதும்ளா, ஆத்தா மனசு குளுந்துட்டா" என்றார்.

"ஆத்தா குளிரட்டும் ஐயா, எங்களுக்கு என்ன அவசரம்?" என்று சொல்லிவிட்டு மாடத்தி மறுபடி எடுத்தாள். நிழல் கிழக்கே சாய ஆரம்பித்தது. வழுக்கை செம்பருத்தியாகி, கொப்புளம் எழும்பியதாம். கடைசியில் சாமியப்பர் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்.

குலவை சட்டென்று நின்றது.

ஊரே அவர் தலையைப் பார்த்தது. பிறகு அம்மனைப் பார்த்தது. வானம் இடிக்கவில்லை. பூசாரிக்கு அருள் வரவில்லை. மாடத்தி சொன்னாளாம்: "பாத்தியளா, ஆத்தா கோவிக்கல. அவளே கோவிக்கலேன்னா நீரு யாருய்யா கோவிக்க?"

இடுப்புத் துண்டை அவிழ்த்தாள். தன் தலையில் கட்டவில்லை. பூசாரியிடம் நீட்டினாள். "அவளும் வெயில்லதான நிக்கா. கட்டும்." பூசாரி சாமியப்பரைப் பார்த்தார். சாமியப்பர் துண்டுக்குள் இருந்தார். பூசாரி கட்டிவிட்டார்.

மறுநாள் வெள்ளச்சி முக்காட்டோடு அளத்துக்குப் போனாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த மழைக்கு மாடத்தி மணல் மேட்டில் முருங்கைக் கொம்புகளை ஊன்றினாள். அதையும் யாரும் கேட்கவில்லை. மூக்கில் வடு மட்டும் வெள்ளச்சிக்குக் கடைசிவரை இருந்ததாம். அவள்தான் எங்கள் பூட்டி.

அதனால்தான் வெள்ளைத்திட்டில் துண்டு கட்டாமல் அம்மன் முன்னால் நிற்பதில்லை. அதனால்தான் அங்கே படையல், வெடித்த உதட்டையும் காலையும் ஆற்றுகிற முருங்கைக்கீரையும் கம்பங்கூழும் நெல்லிக்காயும். வெறுந்தலையோடு எவர் வரப்பில் ஏறினாலும், அவர் தலையை மூடும்வரை பெண்கள் குலவை எடுப்பார்கள்.

போன ஆண்டு அளத்தைப் பார்வையிட ஓர் அதிகாரி வந்தார். அம்மனைக் கண்டதும் மரியாதைக்காகத் தொப்பியைக் கழற்றினார். குலவை கிளம்பியது. தனக்கு வரவேற்பு என்று நினைத்துக் கும்பிட்டபடியே நின்றார். மறுநாள் அவர் விடுப்பு எடுத்தார்.