கூட்டமில்லாத ஊருக்கு ஒன்பது பேர்

சபாபதி: ...அதனால கியோத்தோ கேன்சல். ஒசாக்காவும் கேன்சல். பூ பூக்குற நேரத்துல அங்க போனா பூவைப் பாக்க முடியாது. முன்னாடி நிக்கிறவன் முதுகைத்தான் பாக்கணும்.

புஷ்பவல்லி: ம்ம்.

சபாபதி: அதுவும் ராயா பெருநாள் லீவு, ஸ்கூல் லீவு ரெண்டும் சேர்ந்து வருது. பாதி கோலாலம்பூரு அங்கதான் இருக்கும். பிரிக்பீல்ட்ஸ்ல தினம் பாக்குற மூஞ்சியையே ஜப்பான்லயும் போய்ப் பாக்கணுமா?

புஷ்பவல்லி: வேணாம்தான்.

சபாபதி: என்ன வல்லி, பேச்சே வரலை? சக்குரா பூ பாக்கணும், சக்குரா பூ பாக்கணும்னு அந்தப் படம் போட்ட காலண்டரைக் கிழிக்காம வச்சிருந்தது நீதானே?

புஷ்பவல்லி: கோப்பி ஆறுது. குடிங்க.

சபாபதி: குடிக்கிறேன். முதல்ல இதைப் பாரு. ஏப்ரல் மூணாவது வாரம். வடக்கே, மலை அடிவாரத்துல ஒரு சின்ன ஊரு. தெற்கே பூவெல்லாம் கொட்டி முடிஞ்ச அப்புறம்தான் அங்க பூக்கும். அதுக்குள்ள டூரிஸ்ட் எல்லாம் வீட்டுக்குப் போயிருப்பான்.

புஷ்பவல்லி: போயிருக்க மாட்டான். உங்களை மாதிரியே இன்னொருத்தன் எங்கேயோ லேப்டாப்பைத் திறந்து வச்சிட்டு, பொண்டாட்டிகிட்ட இதையேதான் சொல்லிட்டு இருப்பான்.

சபாபதி: அதுக்கும் வழி வச்சிருக்கேன் லா. பூ பாக்கப் போறது சனி, ஞாயிறு கிடையாது. செவ்வாய், புதன் மட்டும். காலையில ஆறரைக்கு ஆத்தங்கரையில நிக்கணும். டூர் பஸ் பத்து மணிக்குத்தான் வரும். அது வரப்ப நாம பசியாறப் போயிடணும்.

புஷ்பவல்லி: பெரிய பிளான்தான்.

சபாபதி: ரெண்டே ரெண்டு பெட்டி வச்ச ரயிலு. தங்குறதுக்கு வீடு மாதிரி ஒரு ஓட்டல், மொத்தமே ஆறு ரூம். இதுக்கு மேல கூட்டம் இல்லாத இடம் வேணும்னா நிலாவுக்குத்தான் போகணும்.

புஷ்பவல்லி: அங்கயும் கூட்டமாத்தான் இருக்கும்.

சபாபதி: எங்க, நிலாவுலயா?

புஷ்பவல்லி: அந்த ஊருல.

சபாபதி: அந்த ஊருல இருக்குறதே நாலாயிரம் பேரும்மா! செலாயாங் பாசார்ல காலையில மீன் வாங்க நிக்கிறவங்க அதைவிட அதிகம்.

புஷ்பவல்லி: நாம எத்தனை பேரு போறோம்?

சபாபதி: நாமளா? ...அக்கா, அத்தான். கன்னையா அண்ணன், அண்ணி, அவங்க பிள்ளைங்க மூணு பேரு. நாம ரெண்டு பேரு. ஒம்பது.

புஷ்பவல்லி: ஆறு ரூம் ஓட்டல்ல நாலு ரூம் நாமதான். அப்புறம் கூட்டம் எங்கிருந்து வருதுன்னு என்னைக் கேக்குறீங்க.

சபாபதி: அது... வீட்டு ஆளுங்க, வல்லி. வீட்டு ஆளுங்களை யாராவது கூட்டம்னு சொல்லுவாங்களா?

புஷ்பவல்லி: பாலிக்கு எத்தனை பேரு போனோம்?

சபாபதி: பதினாலு.

புஷ்பவல்லி: பேங்காக்?

சபாபதி: பன்னெண்டு... இல்ல, அண்ணனோட சம்பந்தி கடைசி நேரத்துல வந்து சேர்ந்துக்கிட்டாரு. பதிமூணு.

புஷ்பவல்லி: தோபா ஏரியில ஓட்டல் ரூம்ல உங்க அக்கா ரைஸ் குக்கரைப் போட்டு, மாடி முழுக்கக் கரண்டு போச்சே...

சபாபதி: அன்னைக்கு விழுந்து விழுந்து சிரிச்சியே!

புஷ்பவல்லி: சிரிச்சேன். உங்க அக்கா மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. ஆனா... உங்க போனை எடுங்க. நாம ரெண்டு பேரும் மட்டும் இருக்குற போட்டோ ஒண்ணு காட்டுங்க. எந்த டூரா இருந்தாலும் சரி.

சபாபதி: இதென்ன பெரிய விஷயம்? இந்தா... இல்ல, இதுல அக்கா இருக்கு. இதுல... இது யாரு கை? அண்ணன் கை. இரு, இரு... இந்தா! நீயும் நானும். பின்னாடி கடலு.

புஷ்பவல்லி: உங்க தோளைப் பாருங்க.

சபாபதி: என்ன என் தோளுக்கு?

புஷ்பவல்லி: உங்க அக்காவோட கைப்பை. மாட்டிக்கிட்டு நிக்கிறீங்க. அடுத்த போட்டோவுல அவங்களும் வந்துட்டாங்க.

சபாபதி: அட, ஆமா... இரு, வேற ஒண்ணு தேடுறேன்.

புஷ்பவல்லி: போன் அடிக்குது பாருங்க.

சபாபதி: அக்காதான். ...அப்புறம் பேசட்டா?

புஷ்பவல்லி: ஏன்? ஸ்பீக்கர்ல போடுங்க. ஒம்பதுல ஒருத்தர்தானே.

இராஜம்மா: தம்பி, பசியாறிட்டியா? கிள்ளான்ல இங்க மழை கொட்டோ கொட்டுன்னு கொட்டுது. டிக்கெட்டு போட்டுட்டியா?

சபாபதி: இன்னும் இல்லக்கா. பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

இராஜம்மா: நான் முட்டி வலிக்கு உறை வாங்கிட்டேன். கன்னையா இப்பவே ஊறுகா பாட்டிலை எல்லாம் எடுத்து வச்சிட்டான். வல்லி எங்க?

புஷ்பவல்லி: இங்கதான் இருக்கேன் அண்ணி. ...நான் வரலை அண்ணி. நீங்க எல்லாரும் நல்லபடியா போயிட்டு வாங்க.

இராஜம்மா: என்னது?

சபாபதி: வல்லி!

புஷ்பவல்லி: எனக்கு லீவு கிடைக்கலை.

சபாபதி: பொய்! லீவு கிடைச்சாச்சுன்னு முந்தாநேத்து நீதானே குதிச்ச?

இராஜம்மா: நீ சும்மா இரு தம்பி. ஏம்மா வல்லி, உனக்காகத்தானே இந்த முட்டியைத் தூக்கிட்டு வரேன்? நீயே வரலைன்னா நான் அங்க போய் என்ன பண்ணப் போறேன்?

புஷ்பவல்லி: எனக்காகவா?

இராஜம்மா: பின்ன? ஒவ்வொரு தடவையும் இவன் காடியை ஓட்டிக்கிட்டு கிள்ளானுக்கு வந்து, என் வீட்டு கேட்டுல நிப்பான். 'அக்கா, நீயும் வாக்கா. நான் மட்டும் கூட்டிட்டுப் போனா வல்லி அழுதுடுவா'ன்னு...

சபாபதி: அக்கா!

இராஜம்மா: என்ன அக்கா? இல்லாததையா சொல்றேன்? எனக்குப் பிளேன்ல ஏறினாலே வயித்தைக் கலக்கும். பாலியில மூணு நாளு வாந்தி. கன்னையாவும் அப்படித்தான். 'தம்பி கூப்பிடுறான், எப்படி மாட்டேன்னு சொல்றது'ன்னு மாத்திரையை முழுங்கிட்டு வரான்.

புஷ்பவல்லி: அண்ணி... இப்போ போனை வைங்க. நான் சாயங்காலம் கூப்பிடுறேன்.

இராஜம்மா: சண்டை போடாதீங்க ரெண்டு பேரும். ...தம்பி, எனக்கு டிக்கெட்டு போடலைன்னாலும் நான் கோவிச்சுக்க மாட்டேன். அதையும் காதுல வாங்கிக்க. வச்சிடுறேன்.

சபாபதி: ...கோப்பி ஆறியே போச்சு.

புஷ்பவல்லி: யாரு அழுதுடுவா?

சபாபதி: விடு வல்லி. அக்கா ஏதோ...

புஷ்பவல்லி: விட மாட்டேன். இருபத்தாறு வருஷமா நான் என்ன நினைச்சுக்கிட்டு இருக்கேன் தெரியுமா? இந்த மனுஷனுக்கு என்கூடத் தனியா இருந்தா போரடிக்குதுன்னு. நம்ம பொண்ணு தாமரை பினாங்குக்கு வேலைக்குப் போனதுலேருந்து வீட்டுல நாம ரெண்டு பேர்தான். ஞாயித்துக்கிழமை ஆனா உங்க அண்ணனைச் சாப்பிடக் கூப்பிட்டுடுறீங்க. நான் அடுப்படியில நின்னுக்கிட்டு, பொண்ணும் வீட்டுல இல்ல, இனி என்கிட்ட பேசுறதுக்கு இவருக்கு ஒண்ணுமே இல்ல போலன்னு...

சபாபதி: ஐயோ, சத்தியமா இல்லம்மா.

புஷ்பவல்லி: பின்ன என்ன?

சபாபதி: ...கல்யாணம் முடிஞ்சு கேமரன் மலைக்குப் போனோமே.

புஷ்பவல்லி: மூணு நாளு.

சபாபதி: மூணாவது நாள் சாயங்காலம், நீ பாத்ரூம்ல பைப்பைத் திறந்து விட்டுட்டு அழுத.

புஷ்பவல்லி: ...உங்களுக்குத் தெரியுமா அது?

சபாபதி: கதவுக்கு வெளியே நின்னுக்கிட்டு இருந்தேன். உனக்குன்னு ஸ்ட்ராபெரி வாங்கிட்டு வந்தேன், அதைக் கையில வச்சிக்கிட்டு. கதவைத் தட்டலாமா, வேணாமான்னு... தட்டலை. நீ வெளியே வந்தப்ப கண்ணு ரெண்டும் செவசெவன்னு இருந்துச்சு. என்னம்மான்னு கேட்டேன். குளிர் ஒத்துக்கலைன்ன.

புஷ்பவல்லி: அதை நம்பினீங்களா?

சபாபதி: எப்படி நம்புவேன்? கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டே தடவைதான் பேசியிருக்கோம். பெரியவங்க பாத்துக் கட்டி வச்சிட்டாங்க, இந்தப் பொண்ணுக்கு நம்மளப் பிடிக்கலை போல, பாவம்னு நினைச்சேன். மறுநாள் மலை இறங்கி வர வரைக்கும் நீ பஸ் ஜன்னலையேதான் பாத்துக்கிட்டு வந்த. அடுத்த வருஷம் பாங்கோர் தீவுக்கு அக்காவையும் கூட்டிட்டு வந்தேன். படகுல நீயும் அக்காவும் ஒரே சிரிப்பு. அப்பதான் எனக்கு மூச்சே வந்துச்சு. சரி, நாலு பேரு இருந்தா சிரிக்கிறா, நான் மட்டும்னா அழறா. அப்ப நாலு பேரைக் கூட்டிட்டுப் போயிடுவோம். எனக்குப் புரிஞ்சது அவ்வளவுதான்.

புஷ்பவல்லி: நாலு பேரா? பதினாலு பேரு!

சபாபதி: வயசாக ஆக பயமும் கூடிப் போச்சு லா.

புஷ்பவல்லி: நல்ல மனுஷன் நீங்க! இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம்ல?

சபாபதி: கேட்டு, ஆமா, பிடிக்கலைன்னு நீ சொல்லிட்டா? நான் எங்க போவேன்? ...பாத்தியா, பாத்தியா, அழற...

புஷ்பவல்லி: அழலை. சிரிக்கிறேன். என் மூஞ்சியைப் பாருங்க.

சபாபதி: ரெண்டும் ஒண்ணா இருக்கு. இந்தா, துடைச்சுக்க.

புஷ்பவல்லி: இது மேசை துடைக்கிற துணி.

சபாபதி: அவசரத்துல இதுதான் கையில வந்துச்சு.

புஷ்பவல்லி: நெஜமா சொல்லுங்க. உங்களுக்கு அந்தக் கூட்டம் பிடிக்குமா?

சபாபதி: எனக்கா? எல்லாரோட பாஸ்போர்ட்டையும் கையில வச்சிக்கிட்டு, ஏர்போர்ட்ல தலையை எண்ணிக்கிட்டு நிக்கிறவனுக்கா? பேங்காக்ல நான் பாத்ததெல்லாம் டாய்லெட் எந்தப் பக்கம்னு காட்டுற போர்டுதான்.

புஷ்பவல்லி: அப்ப அந்த ஒம்பதை மாத்துங்க.

சபாபதி: அண்ணன் கோவிச்சுக்குவாரே...

புஷ்பவல்லி: உங்க அக்காகிட்ட நான் பேசுறேன். உங்க அண்ணனை அவங்க பாத்துக்குவாங்க. அவங்களை எல்லாம் டிசம்பர்ல போர்ட் டிக்சனுக்குக் கூட்டிட்டுப் போவோம். பிளேனும் வேணாம், மாத்திரையும் வேணாம்.

சபாபதி: ...சரி. மாத்துறேன். ஆளு ரெண்டு. ரூம் ஒண்ணு. ஆத்தைப் பாத்த ஜன்னல் வேணுமான்னு கேக்குது.

புஷ்பவல்லி: வேணும்னு போடுங்க.

சபாபதி: பத்து நாளு, வல்லி. நீயும் நானும் மட்டும். பேச ஒண்ணுமே இல்லாமப் போச்சுன்னா?

புஷ்பவல்லி: பேசாம உக்காந்திருப்போம். பக்கத்துல உக்காந்தா போதாதா?

சபாபதி: போதும். எனக்குப் போதும். ...இதை அமுக்கிட்டா அப்புறம் மாத்த முடியாது. அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கவா? கேக்கவே பயமாத்தான் இருக்கு.

புஷ்பவல்லி: கேளுங்க.

சபாபதி: அன்னைக்குக் கேமரன் மலையில... நீ ஏன் அழுத?

புஷ்பவல்லி: மறுநாள் காலையில உங்க வீட்டுக்குத் திரும்பணும்ல. அங்க பதினோரு பேரு. மூணு நாளா நீங்க என் பக்கத்தை விட்டு நகரலை, என்கிட்ட மட்டும் பேசிக்கிட்டே இருந்தீங்க... இனி இப்படி ஒரு நாள் எனக்கு எப்போ கிடைக்கும்னுதாங்க அழுதேன்.